வருடப் பிறப்பன்று துவைக்காத உடுப்பு

அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் மேற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு 'ஃபங்க்' என்ற ஒரு சொல் போதும், பாதி நாளை ஓட்டிவிடுவார்கள். வேலையிலிருந்து வந்து காலுறையைக் கழற்றுகிறவனிடம், "ஃபங்க் அடிக்குது, கொண்டுபோய் வெளிய போடு" என்பாள் மனைவி. அதில் ரோஷப்பட்டு அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால், "அப்பா ஃபங்க்ல இருக்காரு, கிட்டப் போகாத" என்று பிள்ளைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அன்று மாலையே ஏதாவது ஒரு கூடத்தில் நல்ல குழு ஒன்று வாசித்து, பேஸ் கிடார் அடிவயிற்றில் வந்து உதைத்தால், அதே மனிதன் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு "ஐயோ, ஃபங்க்!" என்று கத்துவான். அது பாராட்டு. அதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஊரில் கிடையாது.

டெல்மர் கெய்ன்ஸுக்கு இந்தச் சொல்லின் எல்லாப் பக்கமும் அத்துப்படி. பகலில் ஃப்ரிட்ஜ் தயாரிக்கும் தொழிற்சாலையில் கதவு பொருத்துவான். வார இறுதியில் 'ஹாட் கிரேவி' என்ற குழுவில் பேஸ் வாசிப்பான். விரல் தொட்டால் கல்லும் ஆடும், அப்படி ஒரு கை. ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் பயம். அதனால் எந்த மேடையிலும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வாசிப்பான். அதை ஸ்டைல் என்று நினைத்து நாலைந்து பையன்கள் காப்பியடித்தும் விட்டார்கள்.

போன ஜூலையில் கண்காட்சி மைதானத்தில் வாசித்தபோதுதான் விதி மாறியது. அன்று புதிதாகத் தைத்த உடுப்பு: கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியில், எலுமிச்சைப் பச்சை சாட்டின், கையில் தங்க ஜாலர், காலில் பெல்பாட்டம் அகலம். பாதிப் பாட்டில் அந்தக் கால் அகலம் வயரில் சிக்கி, டெல்மர் பம்பரமாகச் சுழன்று கூட்டத்துக்கு நேராக நின்றுவிட்டான். விரல் நிற்கவில்லை. ஆயிரம் முகமும் அவனைப் பார்த்து அஷ்டகோணலாகியது. அன்றிலிருந்து அந்த உடுப்பைப் போட்டால் அவனுக்குப் பயம் கிடையாது. போடாவிட்டால் மறுபடி முதுகுதான்.

குழுத் தலைவன் லான்ஸோ உடனே சட்டம் போட்டுவிட்டான். "அதுல ஒரு சொட்டு தண்ணி படக் கூடாது. அழுக்கோட தைரியமும் போயிடும்." ஒரு சொட்டும் படவில்லை. ஜூலை வெயில், ஆகஸ்டு வெக்கை, அதற்கப்புறம் மேடை விளக்குச் சூடு எல்லாவற்றையும் அந்தச் சாட்டின் குடித்தது. குழுவின் வேனில் அந்த உடுப்புக்கென்று தனியாக ஜன்னலோரம் ஒரு இடம் ஒதுக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினார்கள்.

டெல்மர் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த வெர்னிட்டா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பிரச்சினை அவளுடைய அம்மா. ஒஸெல்லா பிக்கெட், சர்ச்சுக்கு வருகிறவர்களை இடம் காட்டி உட்காரவைக்கும் வாசல் சேவைக்குத் தலைவி. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு விரலைத் தூக்கினால் கடைசி வரிசையில் அழும் குழந்தை வாயை மூடும். அந்தக் கையுறைக்கு அடுத்து அவள் பெருமைப்பட்டது ஒன்றே ஒன்று: வருடப் பிறப்பன்று அவள் வைக்கும் பன்றிக்குடல் கறி. குடல் வெந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. ஒஸெல்லா வீட்டில் வெந்தால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. அப்படிக் கழுவுவாள். நாற்றத்தை அமுக்க வினிகர் ஊற்ற மாட்டாள், உருளைக்கிழங்கு போட மாட்டாள். "அதெல்லாம் கழுவத் தெரியாதவங்க பண்ற வேலை" என்பாள்.

பெண் கேட்டபோது ஒஸெல்லா சொன்னது, "பார்க்கலாம், மிஸ்டர் கெய்ன்ஸ்." போன முறை பார்த்தபோதும் மிஸ்டர் கெய்ன்ஸ். சளி பிடித்துத் தும்மினால்கூட, "கடவுள் ஆசீர்வதிக்கட்டும், மிஸ்டர் கெய்ன்ஸ்." அந்த மிஸ்டரைத் தாண்டி உள்ளே போக டெல்மருக்கு வழி தெரியவில்லை.

வழி தானாகத் திறந்தது. 1974 டிசம்பர் கடைசி நாள் ஒஸெல்லாவே அவனுக்கு ஃபோன் செய்தாள். வருடப் பிறப்பன்று வீட்டு வாசலை முதலில் ஒரு ஆண்தான் தாண்ட வேண்டும். பெண் தாண்டினால் அந்த வருடம் விளங்காது. இதை யார் சொன்னது என்று ஒஸெல்லாவிடம் கேட்டால், கேட்டவன் விளங்கமாட்டான். வழக்கமாகப் பக்கத்து வீட்டு ஹோபர்ட் பெரியவர் வந்து தாண்டுவார். இந்த முறை அவருக்குக் கால் பெருவிரல் வீங்கிப் பூசணிக்காயாகிக் கிடந்தது.

"காலையில வந்து வாசலைத் தாண்டுவீங்களா, மிஸ்டர் கெய்ன்ஸ்?"

"பறந்தே வந்துடறேம்மா!"

"நடந்து வந்தா போதும்" என்று அவள் ஃபோனை வைத்தாள். அவளுக்கு நேரமில்லை. அன்று இருட்டுவதற்குள் வீட்டிலிருக்கும் துணி அத்தனையையும் துவைத்துவிட வேண்டும், திரைச்சீலை உட்பட. மறுநாள் துவைக்கக் கூடாது. வருடப் பிறப்பன்று துணி துவைத்தால், வீட்டு ஆளில் ஒருவரைத் துவைத்துப் பரலோகம் அனுப்பியதாகிவிடும்.

மறுநாள் டெல்மரின் கார் குளிரில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவழியாக அவன் வந்து சேர்ந்தபோது ஒஸெல்லா வீட்டு வாசலில் பனியில் ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது. கையில் தேங்காய் கேக். வாசல் சேவையில் ஒஸெல்லாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவள், அந்த 'அடுத்த' என்ற சொல்லை ஜீரணிக்க முடியாதவள், சிஸ்டர் ரக்கர்.

"ஒஸெல்லா! கதவைத் தொற! மூக்கு ஒறஞ்சு போச்சு!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆம்பள வரட்டும் சிஸ்டர்!"

"உங்க வீட்டு ஆம்பள வர்றதுக்குள்ள நான் பரலோகம் போயிடுவேன்!"

"போறதா இருந்தா கேக்கை வாசல்லயே வெச்சிட்டுப் போங்க!"

டெல்மர் ஓடிவந்தான். கையில் ஒரு துணிப்பை. சாயங்காலம் வருடப் பிறப்பு நிகழ்ச்சி, இங்கிருந்து நேராகப் போக வேண்டும். உடுப்பு இரவு முழுக்கக் கார் டிக்கியில் கிடந்து பலகையாக உறைந்திருந்தது. அப்படியே மடக்கினால் சாட்டின் விரிசல் விட்டுவிடும் என்று, இளக வைக்க எடுத்து வந்தான். உறைந்த உடுப்புக்கு நாற்றமே இல்லை. ஆறு மாதமாக ஊரே மறக்காத ஒன்றை அவன் அன்று மறந்ததற்கு அதுதான் காரணம்.

"வாங்க மிஸ்டர் கெய்ன்ஸ். எல்லா ரூமுக்குள்ளயும் ஒரு தடவை நடந்துட்டு வந்துடுங்க. நல்லது எல்லா மூலைக்கும் போகணும்."

நடந்தான். கூடம், சாப்பாட்டறை, சமையலறை. கடைசி அறையில் விருந்தாளிகளின் கோட்டுகளைப் போடுவதற்காகக் கட்டில் காலியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இரும்புச் சல்லடை. கீழ்த்தளத்துச் சூடேற்றும் யந்திரத்திலிருந்து வெந்நீர் ஆவி மாதிரி காற்று அதன் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. உடுப்பு இளக நல்ல இடம் என்று பையை அதன் மேல் வைத்துவிட்டு வந்தான். ஒரு அறையின் காற்றை இழுத்து மற்ற அறைகளில் விடுவது அந்த யந்திரத்தின் வேலை. வேலையில் அது குறையே வைக்கவில்லை.

மதியத்துக்குள் சர்ச்சிலிருந்து எட்டுப் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஹோபர்ட் பெரியவரை இரண்டு பேர் தூக்கிவந்து சாய்வு நாற்காலியில் வைத்து, காலை ஸ்டூலில் ஏற்றினார்கள். தட்டைப்பயறும் கீரையும் சோள ரொட்டியும் மேஜைக்கு வந்தன. நல்ல பீங்கான் தட்டுகளை ஒஸெல்லா அடுக்கினாள். அவை விருந்தாளிகளுக்கு மட்டும். வீட்டு ஆட்கள் கைக்குக் கிடைத்த தட்டில், சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். டெல்மருக்கும் ஒரு பீங்கான் தட்டு வைக்கப்பட்டது. அதைப் பார்த்து வெர்னிட்டா பெருமூச்சு விட்டாள்.

சிஸ்டர் ரக்கரின் மூக்கு அப்போதுதான் இளகி முடித்திருந்தது. அது ஒரு முறை சுருங்கியது. மறுபடி சுருங்கியது.

"ஒஸெல்லா, தப்பா நினைக்காத. குடலை நல்லா கழுவினியா?"

ஒஸெல்லா கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"கழுவியிருப்ப. வயசாயிடுச்சில்ல, கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது."

ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒஸெல்லா சமையலறைக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்து முகர்ந்தாள். நாற்றம். மூடிவிட்டு முகர்ந்தாள். அப்போதும் நாற்றம். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவமாக இருந்தது. அந்த வீட்டில் ஒஸெல்லாவைப் பார்த்து யாரும் அதுவரை பாவப்பட்டதில்லை.

"அம்மா ஃபங்க்ல போயிட்டாங்க" என்றாள் வெர்னிட்டா. "இனி ஈஸ்டருக்குத்தான் வெளிய வருவாங்க."

வீட்டில் அந்த வாசனை கடைசியாகப் பட்டது டெல்மரின் மூக்குக்குத்தான். பழகிய வாசனை. ஏதோ நம்ம வேனுக்குள் இருக்கிற மாதிரி சொந்தமாக இருக்கிறதே என்று நினைத்தான். நினைத்த மறுநொடி எழுந்து ஓடினான். கோட்டு அறைக் கதவைத் திறந்தான். உள்ளே பை வேர்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து எறியலாம் என்று பார்த்தால், சட்டம் பனியில் இறுகிப்போயிருந்தது. பின்வாசலுக்கு சமையலறை வழியாகப் போக வேண்டும், அங்கே முழுக்க ஜனம். திரும்பி வந்து ஹோபர்ட் பெரியவரின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்னப்பா, ஃபங்க்கா?" என்றார் பெரியவர்.

"நானில்லீங்க!"

"நாத்தத்தை யாருப்பா சொன்னா? போருக்கு இங்கிலாந்து போய் லாரி ஓட்டினேன்ல, அங்கத்து வெள்ளைக்காரன் பயத்துல தொடை நடுங்கினா அதுக்குத்தான் இந்த வார்த்தையைச் சொல்லுவான். உன் மூஞ்சியில இப்ப அதுதான் எழுதியிருக்கு." கிழவர் காதருகே குனிந்தார். "நாத்தமும் உன்னோடதுதானா?"

டெல்மர் தலையாட்டினான்.

"அப்ப ரெண்டும் உன்னோடதுதான். எனக்குக் கால் நல்லா இருந்தா இந்நேரம் ஓடியிருப்பேன். உனக்கென்ன கேடு?"

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது. ஒஸெல்லா யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள். அடுப்பிலிருந்து பெரிய பானையை இரண்டு கையாலும் தூக்கினாள். கண் சிவந்திருந்தது.

"வெர்னிட்டா, பின்கதவைத் தொற. பனியில கொட்டிடறேன்."

"அம்மா, வேணாம்மா!"

"எங்கம்மா கையைப் பிடிச்சுக் கத்துக் கொடுத்தது. என்னால கெட்டுப்போச்சு. இனிமே இந்த வீட்டுல குடல் வேகாது. தொற."

சிஸ்டர் ரக்கர் அனுதாபமாகத் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலையில் சந்தோஷம் பொங்கி வழிந்தது.

டெல்மர் கணக்குப் போட்டான். இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பானை போகும், பழி பானையோடு போகும், வெர்னிட்டா கிடைப்பாள். சொன்னால் வெர்னிட்டா போவாள். கணக்கு சுத்தமாக வந்தது. ஆனால் பானையைப் பிடித்தபடி ஒஸெல்லா எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேடையில் பயந்தபோது அவன் நின்றதும் அப்படித்தான். அதை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பானையைக் கீழ வைங்கம்மா. அது என்னோடது."

"எது? குடலா?"

"நாத்தம்."

போய் எடுத்துவந்து காட்டினான். பையைவிட்டு வெளியே வந்ததும் எலுமிச்சைப் பச்சை தகதகத்தது. ஜாலர் ஆடியது. கூட்டம் மொத்தமும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பெண்மணி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். வெர்னிட்டா பின்கதவைத் திறந்து பிடிக்க, குளிர்காற்று குபீரென்று உள்ளே வந்தது. ஒஸெல்லா பானையை வாசலருகே கொண்டுபோய் மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. வெங்காயம், மிளகு, அவ்வளவுதான். முகம் விடிந்துவிட்டது. பானையைச் சிஸ்டர் ரக்கரின் மூக்குக்கு நேராக நீட்டி, அவள் முகர்ந்து முடிக்கும் வரை அங்கேயே வைத்திருந்தாள். அப்புறம்தான் டெல்மர் பக்கம் திரும்பினாள்.

"இதைப் போட்டுக்கிட்டா ஊர் முன்னாடி போய் நிக்கிறீங்க, மிஸ்டர் கெய்ன்ஸ்?"

"இதைப் போட்டாத்தான்மா நிக்கவே முடியுது. இல்லைன்னா பயமா இருக்கும். அதான் துவைக்கல."

"எப்பலேர்ந்து?"

"ஜூலை."

ஒஸெல்லா அடுப்படியிலிருந்து இடுக்கியை எடுத்தாள். உடுப்பைத் தோள்பட்டையில் கவ்வித் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அங்கே துவைக்கும் தொட்டி இருந்தது. ஹோபர்ட் பெரியவரைத் தவிர வீடே பின்னால் இறங்கியது. "என்ன நடக்குதுன்னு யாராவது மேல கத்திச் சொல்லுங்கடா!" என்று அவர் கூடத்திலிருந்து கத்தினார்.

குழாயைத் திறந்தாள். வெந்நீர் ஆவி பறந்தது. சோப்புத் தூளைக் கொட்டினாள்.

"ஒஸெல்லா!" என்று சிஸ்டர் ரக்கர் அலறினாள். "இன்னிக்கு வருசப் பொறப்பு! துவைச்சா வீட்டு ஆளுல ஒண்ணு போயிடும்!"

"வீட்டு ஆளு துணியைத் துவைச்சாத்தான் சிஸ்டர் அது. இவரு யாரு? வெளியாளு."

அந்த வார்த்தை டெல்மரின் நெஞ்சில் சரியாக இறங்கியது. வெர்னிட்டா அவன் கையைப் பிடித்தாள். அவன் தொட்டியையும் உடுப்பையும் பார்த்தான். ஜூலை மாதத்துத் தைரியம் முழுக்க இடுக்கியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"துவைச்சிடுங்கம்மா" என்றான். "உங்க பானையைப் பத்தி யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது. நான் பழையபடி முதுகைக் காட்டிக்கிட்டு வாசிச்சிக்கறேன்."

இடுக்கி இறங்கியது. கால் அகலத்தின் நுனி நுரைக்கு மேலே வந்து நின்றது. ஒஸெல்லா உடுப்பைப் பார்க்கவில்லை. டெல்மரைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்திருந்த மகளின் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு கையால் குழாயை மூடினாள்.

"என்னாச்சு ஒஸெல்லா?" என்றாள் சிஸ்டர் ரக்கர்.

"தண்ணி ஜில்லுனு இருக்கு."

தொட்டியிலிருந்து எழுந்த ஆவியில் சிஸ்டர் ரக்கரின் மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. "ஜில்லுனா? வெளியாளுன்னு இப்பத்தானே சொன்ன?"

"சிஸ்டர், மேல போய் கேக்கை வெட்டுங்க. வெர்னிட்டா, இதைக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கொடியில போடு, ஒறையட்டும். நாளைக்கு விடிஞ்சதும் என் கையால துவைக்கிறேன்." இடுக்கியை மகளிடம் கொடுத்துவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில் திரும்பினாள். "டெல்மர், என்ன மரம் மாதிரி நிக்கற? சமையக்கட்டுல ஓரம் உடைஞ்ச தட்டு ஒண்ணு இருக்கும். அதுல போட்டுச் சாப்பிடு. பீங்கான் தட்டைத் தொட்ட, தெரியும் சேதி."

அவன் அந்த உடைந்த தட்டில் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் நிகழ்ச்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. கொடியிலிருந்து எடுத்த உடுப்பு இன்னும் விறைப்பாக இருந்தது. முழங்கையை மடக்கினால் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதில் ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் டெல்மர் மேடைக்கு வந்த உடனே கூட்டத்தைப் பார்த்தபடி நேராக நின்றுகொண்டான். லான்ஸோ அருகில் வந்து முகர்ந்து பார்த்துப் பதறிப்போனான்.

"டேய், துவைச்சிட்டியாடா பாவி?"

"இல்ல. துவைக்கத்தான் போனாங்க. அப்புறம் விட்டுட்டாங்க."

"ஏன்?"

"வீட்டு ஆளுல ஒருத்தர் போயிடுவாங்களாம்."

"யாரு வீட்டு ஆளு?"

"எங்க வீட்டு ஆளு" என்றான் டெல்மர்.